மாமா திருடிய எழுத்து

என் தாய்மாமா ஒரு திருடர் என்று ஒன்பது வயதில் நான் உறுதியாக நம்பினேன். அதை யாரிடமும் சொல்லாமல் இருந்தது என் பெருந்தன்மை என்றும் நம்பினேன். இந்த இரண்டு நம்பிக்கையோடும் வெகு நாள் நிம்மதியாக வாழ்ந்தேன் என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அப்போது நாங்கள் மலாக்காவில் நியாலாஸ் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். வெள்ளைக்காரன் ஆட்சியின் எமர்ஜென்சி காலம். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி, ஒரே ஒரு கேட், கேட்டில் துப்பாக்கியோடு ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்விடக் கூடாது என்பது சட்டம். அதனால் காலையில் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் வரிசையில் நின்று மடியை உதறிக் காட்ட வேண்டும். சோறு கொண்டுபோகக் கூடாது, வெறும் தேத்தண்ணி மட்டும்தான். பெரியவர்களுக்கு அது எப்படி இருந்ததோ, பிள்ளைகள் நாங்கள் அதையே விளையாட்டாக்கிக்கொண்டோம். நான் கான்ஸ்டபிளாக இருந்தால் யாரையும் லேசில் விடமாட்டேன்.

மாமா மலாக்கா டவுனில் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், கடையில் சைன்போர்டு எழுதிக்கொண்டிருந்தார். ஒருமுறை எங்கள் வீட்டுக்கென்று ஒரு முருகன் படம் வரைந்து தந்தார். அதைப் பார்த்த பக்கத்து வீட்டு அத்தை செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள். அந்த ஒரு படத்தால் லயத்தில் அம்மாவின் மதிப்பு ஓர் அடி உயர்ந்திருந்தது. பிறகுதான் மாமா ராத்திரி வகுப்பில் ஒரு சீன ஓவிய வாத்தியாரிடம் போய்ச் சேர்ந்தார். அங்கே அவரை மாடர்ன் ஆர்ட் பிடித்துக்கொண்டது. அம்மா அதை ஏதோ காய்ச்சலைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசுவாள்.

அந்த வருடம் மாரியம்மன் திருவிழாவுக்குப் பத்து நாள் லீவில் வந்தவர், கையோடு ஒரு பிளைவுட் பலகையும் வர்ணப் பெட்டியும் கொண்டுவந்தார். சிங்கப்பூரில் பெரிய ஓவியக் கண்காட்சி ஒன்று நடக்கப் போகிறதாம். தோட்டத்தை வரைந்து வரும் சனிக்கிழமைக்குள் வாத்தியார் கையில் கொடுத்துவிட்டால் அவர் கொண்டுபோவாராம். படம் தேறிவிட்டால் மாமாவை அங்கேயே ஓவியப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுவாராம். மாமா இதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும். சத்தமாகச் சொன்னால் நடக்காமல் போய்விடும் என்று பயந்தாரோ என்னவோ.

வீட்டுப் பின்புறம் துவைக்கிற கல்லின் மேல் பலகையைச் சாய்த்து வைத்து வரைந்தார். நான் விளையாடப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ரப்பர் மரங்கள் ஊதாக் கோடுகளாக நின்றன. லயங்கள் சிவப்புக் கட்டங்கள். துரை பங்களா தீப்பெட்டி அளவுக்கு ஒரு மூலையில் கிடந்தது. முள்வேலி பூமியை விட்டுவிட்டு வானத்தைக் குறுக்கே கிழித்துக்கொண்டு போனது. ஒவ்வொன்றும் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

“வேலி ஏன் மாமா மேல போகுது?”

“வேலி எங்க நிக்குதுன்னு பாக்காதம்மா. எங்க உறுத்துதுன்னு பாரு.”

எனக்குப் புரியவில்லை. ஆனாலும் தலையாட்டினேன், மாமா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

படம் முடிந்ததும் லயமே திரண்டு வந்தது. முருகனைப் பார்த்த கண்கள் அல்லவா, அதே எதிர்பார்ப்பு. கும்பிடத் தயாராக வந்த அத்தை கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். “சேலை காயப்போட்ட மாதிரி இருக்கு லா,” என்றார் ஒருவர். தலைகீழாக வைத்திருக்கிறது, திருப்பி வைத்தால் சரியாகிவிடும் என்றார் இன்னொருவர். அம்மாவுக்கு முகமே செத்துவிட்டது. மாமாவும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அன்று தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. இதே படத்தை சிங்கப்பூரில் நாலு பேர் பார்த்து இப்படிச் சிரித்தால் என் மாமா என்ன ஆவார்?

யோசித்துப் பார்த்தேன். படத்தில் ஒரு குறையும் இல்லை. எது என்ன என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் படங்களில் எல்லாவற்றுக்கும் பெயர் எழுதியிருக்கும், அவற்றைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. அழகாக எழுதியதற்காக அந்த வருடம்தான் எனக்கு ஒரு பேனா பரிசாகக் கிடைத்திருந்தது. தோட்டத்திலேயே என் எழுத்துதான் முத்து முத்தாக இருக்கும் என்று எங்கள் வாத்தியார் சொல்லியிருந்தார்.

மாமா புறப்படுகிற புதன்கிழமை காலை. அவர் குளிக்கப் போன நேரத்தில் சின்னத் தூரிகையைக் கறுப்பு வர்ணத்தில் தொட்டு எழுதினேன். ‘கோயில்’, ‘அரிசி ஸ்டோர்’, ‘துரை பங்களா’, ‘கான்ஸ்டபிள் நிற்கும் இடம்’, ‘பின்பக்கம் வேலி ஆடும் இடம்’. ஒன்றையும் விடவில்லை. கடைசியாக வேலி ஆடுகிற இடத்துக்கு ஓர் அம்புக்குறியும் போட்டேன். வர்ணம் காய்ந்ததும் பலகையைப் பழைய பேப்பரில் சுற்றி, சணல் கயிறு கட்டித் தயாராக வைத்தேன். மாமா வந்து பார்த்துவிட்டு, “என் தங்கம்,” என்று கன்னத்தைத் தட்டினார்.

கேட்டில் அன்று கெடுபிடி அதிகம். அப்பா விடிவதற்கு முன்பே பால் வெட்டப் போயிருந்தார். நானும் அம்மாவும்தான் வழியனுப்ப வந்திருந்தோம். அரிசியை எப்படியெல்லாம் ஒளித்துக் கொண்டுபோகிறார்கள் என்று பார்த்துப் பழகியவர் அந்த மலாய்க் கான்ஸ்டபிள். பலகைப் பொட்டலத்தைக் கம்பியால் குத்திப் பார்த்துவிட்டுப் பிரிக்கச் சொன்னார். பேப்பர் விலகியது. மாமாவின் முகத்தைப் பார்த்தேன். என் வேலையைப் பார்த்து அசந்துபோய் நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

தமிழ் படிக்க, ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியைக் கூப்பிட்டார்கள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். அரிசி ஸ்டோர். கான்ஸ்டபிள் நிற்கும் இடம். என் எழுத்தில் ஓரிடத்திலும் அவர் தடுமாறவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ‘பின்பக்கம் வேலி ஆடும் இடம்’ என்று படித்தபோது வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கப்சிப் ஆனார்கள். அம்புக்குறியைப் பார்த்ததும் கிராணியின் குரலும் இறங்கிவிட்டது.

“இத யாரு எழுதுனது?”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மாமா, “நான்தான் சார் எழுதுனேன்,” என்றார்.

“இல்ல, அது...” என்று நான் ஆரம்பித்ததும் தொடையில் சுரீர் என்றது. அப்படி ஒரு கிள்ளு அம்மா அதற்கு முன்பும் கிள்ளியதில்லை, பின்பும் கிள்ளியதில்லை. வலியில் நான் அலற, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லி அம்மா என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். திரும்பிப் பார்த்தேன். மாமாவையும் பலகையையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

பொய் சொன்னால் போலீஸ் பிடிக்கும் என்று எங்கள் வாத்தியார் சொன்னது சரிதான் என்று அன்றைக்கு எனக்கு நிச்சயமாயிற்று. ஆனாலும் வீடு இருந்த இருப்பைப் பார்க்க முடியவில்லை. அம்மா அடுப்பைப் பற்றவைத்துவிட்டு உலை வைக்க மறந்துவிடுவாள். அப்பா யாரோடும் பேசவில்லை. என்னைக் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்துக்கொள்வார், அதோடு சரி. மாமாவை இனிமேல் விடமாட்டார்கள், நாடு கடத்திக் கப்பலேற்றிவிடுவார்கள் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். ஒரு பொய்க்கு இத்தனை பெரிய தண்டனையா என்று எனக்கு ஆறவில்லை. மாரியம்மனிடம் போய், எழுத்தை மாமாவே வைத்துக்கொள்ளட்டும், ஆளை மட்டும் விட்டுவிடு என்று வேண்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஜீப் திரும்ப வந்தது. டவுனிலிருந்து ஒரு தமிழ் இன்ஸ்பெக்டர். பின்னால் மாமா, அதே சட்டை, கசங்கிப்போய். பள்ளிக்கூடம் கேட்டுக்கு எதிரில்தான் இருந்தது. வாத்தியாரே வாசலுக்கு வந்துவிட்டதால் நாங்களும் வந்துவிட்டோம். இன்ஸ்பெக்டர் ஜீப்பின் முன்பக்கத்தில் ஒரு தாளை வைத்து மாமாவை எழுதச் சொன்னார். கூட்டத்தில் புகுந்து நானும் எட்டிப் பார்த்தேன். ‘அரிசி ஸ்டோர்’ என்று எழுதினார். அதே குண்டு எழுத்து. ‘ஸ்’ஸின் வாலை நான் எப்படிச் சுழிப்பேனோ அப்படியே சுழித்திருந்தார். சைன்போர்டு எழுதுகிறவருக்கு எந்த எழுத்தும் கைக்கு வரும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. என் வாலையும் திருடிவிட்டாரே என்றுதான் வயிறு எரிந்தது.

பிறகு இன்ஸ்பெக்டர் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, அதில் இருக்கிறபடியே நடந்தார். கோயிலிலிருந்து வலப்பக்கம் அரிசி ஸ்டோர் இருக்க வேண்டும், இருந்தது மாட்டுக் கொட்டாய். படத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு மறுபடி நடந்தார், இந்த முறை கக்கூஸ் வரிசைக்குப் போய்ச் சேர்ந்தார். அம்புக்குறி காட்டிய பக்கம் போனால் துரை பங்களாவின் ரோஜாத் தோட்டம். துரையும் வெளியே வந்து படத்தை வாங்கி நேராகவும் குறுக்காகவும் பார்த்தார்.

“இது மேப்பா? இது பார்த்து எவன் வந்தாலும் மாட்டுக் கொட்டாய்லதான் விழும்,” என்று தோட்டத்துத் தமிழில் சொல்லிவிட்டுச் சிரித்தார். கான்ஸ்டபிள்களும் சிரித்தார்கள். மூன்று நாளைக்கு முன் மாமாவைச் சாகடித்த அதே சிரிப்பு.

இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிக்கவில்லை. “அரிசி ஸ்டோர ஏன்யா வானத்துல வச்சிருக்க?” என்று கேட்டார்.

மாமா தலையைக் குனிந்துகொண்டே, “பசியில பாத்தா அது அங்கதான் சார் தெரியும்,” என்றார்.

இன்ஸ்பெக்டர் அந்த அரிசி ஸ்டோரை மறுபடி ஒருமுறை பார்த்தார். பிறகு பலகையை மாமாவிடம் நீட்டினார். “இனிமே எழுத்து கிழுத்து ஒண்ணும் வேணாம். படத்த மட்டும் போடு,” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அம்மா மாமாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், அடித்தாள், வெந்நீர் வைத்துக் குளிக்கச் சொன்னாள். சாப்பிட்டு முடிக்கிற வரை நான் பொறுமையாகக் காத்திருந்து, அவரைத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தனியாகப் பிடித்தேன்.

“அது என் எழுத்து. ஏன் மாமா உங்க எழுத்துன்னு சொன்னீங்க?”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். குனிந்து உட்கார்ந்தார். “ரொம்ப அழகா இருந்துச்சும்மா. மாமாவுக்கு ஆச வந்துருச்சு.”

“கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்ல?”

“தப்புதான்,” என்றார். “யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. மாமாவுக்கு வெக்கமா இருக்கும்.”

அவ்வளவு பெரிய ஆள் அப்படிக் கெஞ்சியதும் சரி என்று சத்தியம் செய்தேன். ஆனால் அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை. எழுத்தின் மேல் வர்ணம் பூசி மறைத்துவிடச் சொல்லி அம்மா கெஞ்சினாள். மாமா படத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இருக்கட்டும் அக்கா என்றார். சாயங்காலம் ரப்பர் லாரியில் ஏறிப் போய்விட்டார். நான் கைகூடக் காட்டவில்லை.

படம் தேறிவிட்டது. மாமா ஓவியப் பள்ளிக்கூடத்திலும் சேர்ந்துவிட்டார். கிராணி ஓர் இங்கிலீஷ் பேப்பரை எடுத்துவந்து படித்துக் காட்டினார். ஓவியத்துக்குள் எழுத்தைக் கொண்டுவந்தது துணிச்சலான புதுமை என்று அதில் எழுதியிருந்ததாம். படமும் போட்டிருந்தது. என் ‘அரிசி ஸ்டோர்’ பேப்பரில் வந்திருக்க, அடியில் மாமாவின் பெயர். சத்தியம் செய்திருந்தேனே, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த வாரமே சிங்கப்பூரிலிருந்து எனக்கென்று ஒரு வர்ணப் பெட்டி வந்தது. குற்றமுள்ள நெஞ்சு என்று நினைத்துக்கொண்டு மூன்று மாதம் அதைத் திறக்கவில்லை.

பல வருடம் கழித்து, அப்பா காலமான பிறகுதான் அம்மா ஒருநாள் சொன்னாள். எமர்ஜென்சிக்கு முன்பு அப்பா தொழிலாளர் சங்கத்தில் இருந்தவராம். அவரோடு சங்கத்தில் இருந்த இரண்டு பேரை அதற்குள் பிடித்துக் கப்பலேற்றியிருந்தார்களாம். அந்த எழுத்து எங்கள் வீட்டு எழுத்து என்று தெரிந்திருந்தால், எழுதியது பிள்ளையா என்று பார்க்கமாட்டார்கள், எழுதச் சொன்னது யார் என்று அப்பாவைத்தான் தேடி வந்திருப்பார்கள். பிரித்த பேப்பருக்குள் என் எழுத்தைப் பார்த்த அந்த ஒரு நொடியில் மாமாவுக்கு இத்தனையும் தெரிந்துவிட்டது.

எனக்கோ அப்போது ஒன்றும் தெரியவில்லை. மூன்று மாதம் கழித்துப் பெட்டியைத் திறந்து பார்த்தேன், உள்ளே பன்னிரண்டு வர்ணங்கள். மனசு இளகிவிட்டது. பரிசுப் பேனாவை எடுத்து என் மிக அழகான எழுத்தில் மாமாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். எதற்காக என்று அவருக்கே தெரியும் என்பதால் அதை எழுதவில்லை. “அன்புள்ள மாமா, இந்த ஒரு தடவை உங்களை மன்னித்துவிட்டேன்” என்று மட்டும் எழுதினேன்.

உடனே பதில் வந்தது. “ரொம்ப நன்றிம்மா. இனிமேல் செய்யமாட்டேன்.”