தரைப்பாலத்து விளக்குக்கு மோட்டார் தேடிய கதை

எங்கள் ஊரில் ஓடை இருக்கிறது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். ஆலங்குடிப் பக்கம் ஆழ்துளைக் கிணறு போட்டு மோட்டாரை இறக்கித்தான் தண்ணீரைக் கண்ணால் பார்ப்போம். ஆனால் ஐப்பசி மழை ஒழுங்காகப் பெய்தால் கண்மாய் நிரம்பும். அதற்கு மேல் வருகிற தண்ணீர், கரையில் கல் வைத்துக் கட்டிய கலிங்கு வழியாக இடுப்பு உயரத்திலிருந்து கீழே விழுந்து, எங்கள் தென்னந்தோப்பை ஒட்டி ஓடையாகப் போகும். சில வாரங்கள்தான். தை பிறப்பதற்குள் அங்கே வெறும் மணல் கிடக்கும்.

ரோட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் அந்த ஓடை. குறுக்கே கைப்பிடி இல்லாத ஒரு தரைப்பாலம். கலிங்கு பாயும் நாட்களில் அதன் மேல் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடும். பகலில் பயமில்லை. பொழுது சாய்ந்துவிட்டால் சிமெண்டு எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று பிடிபடாது. டார்ச் அடித்தால் தண்ணீர்தான் மினுங்கும், ஓரம் தெரியாது.

என் மகள் பிளஸ் டூ. ஆலங்குடியில் ஸ்பெஷல் கிளாஸ் முடித்து பஸ்ஸைவிட்டு இறங்கும்போது இருட்டிவிடும். அதனால் கலிங்கு பாயத் தொடங்கினால் அவளை ஆலங்குடியிலேயே என் மச்சான் வீட்டில், அதாவது அவளுடைய தாய்மாமன் வீட்டில், விட்டுவிடுவோம். தண்ணீர் நின்ற பிறகுதான் வீடு. ஹைஸ்கூல் போனதிலிருந்து இப்படித்தான்.

போன மழைக்கும் பையில் துணி அடுக்கினாள். அடுக்கிக்கொண்டே சொன்னாள்:

"மழை வந்தா எல்லாரும் வீட்டுக்குள்ள ஓடி வருவாங்க. நான் மட்டும் வீட்ட விட்டுப் போறேன். அடுத்த வருசம் ஹாஸ்டலுக்குப் போயிருவேன்ப்பா. அப்பறம் ஒங்களுக்கு இந்தக் கவலையே இருக்காது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை. இந்த ஒரு மழையை விட்டால் அப்புறம் அவள் லீவுக்கு வந்துபோகிற பிள்ளை. கலிங்கு நிற்பதற்குள் அந்தப் பாலத்துக்கு வெளிச்சம் போட்டு அவளை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட வேண்டும் என்று வைராக்கியம் வந்துவிட்டது.

விளக்குக் கம்பம் நடச் சொல்லிப் பஞ்சாயத்தில் எழுதிக் கொடுத்திருந்தோம். அது வரும்போது வரும். சோலார் விளக்கு ஒன்று வாங்கி வைத்தும் பார்த்தேன். கார்த்திகை மாத மேகமூட்டத்தில் அது பொழுது சாயுமுன்னே கண்ணை மூடிக்கொண்டது. அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. தண்ணீர் ஓடுகிற நாளில்தானே பாலத்துக்கு வெளிச்சம் வேண்டும்? தண்ணீர் நின்றுவிட்டால் விளக்கே வேண்டாமே. அப்படியானால் அந்தத் தண்ணீரே விளக்கைப் போடட்டும்.

நான் பத்தாவது வரை படித்தவன். ஆனால் போர் மோட்டாரைத் தூக்கி இறக்கிப் பழக்கம் உண்டு. கலிங்குக் கல்லில் கை வைக்காமல், தண்ணீர் விழுகிற இடத்துக்குக் கீழே என் தோப்பு ஓரத்தில் சக்கரம் மாட்ட ஒரு சட்டம் நட்டேன். இரண்டு சைக்கிள் ரிம்மை இணையாக வைத்து, நீல டிரம்மை அறுத்த துண்டுகளை வாளி போல நடுவில் போல்ட் போட்டு மாட்டினேன். தண்ணீர் வாளியில் விழ விழச் சக்கரம் அழகாகச் சுற்றியது. இனி அதோடு இணைக்க ஒரு ஜெனரேட்டர் வேண்டும், அதாவது சுற்றிவிட்டால் கரண்டு தருகிற மோட்டார்.

இந்த இடத்தில்தான் எங்கள் பக்கத்துப் புத்தி வேலை செய்தது. போரில் தண்ணீர் குறைந்தால் எங்கள் ஊரில் முதலில் என்ன சொல்வார்கள் தெரியுமா? "எச்.பி. பத்தாது, பெரிய மோட்டாராப் போடுங்க" என்பார்கள். கல்யாண வீட்டில்கூட யார் தோட்டத்தில் எத்தனை எச்.பி. என்றுதான் பேச்சு. அந்தப் பழக்கத்தில், புதுக்கோட்டை பழைய இரும்புக் கடைக்குப் போய், இருந்ததிலேயே பெரிதாக, கனமாக ஒன்றைப் பொறுக்கினேன். லாரியில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டர். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பெரிய மோட்டாராக இருந்தால் பெரிய வெளிச்சம் வரும் என்று நினைப்பு.

சக்கரத்தோடு இணைத்தேன். சக்கரம் சுற்றியது, ஆல்டர்னேட்டரும் சுற்றியது. பல்பு எரியவில்லை. லாரி இஞ்சின் ஓடுகிற வேகத்துக்குச் செய்த பொருள் அது. வேகம் வரட்டும் என்று பெரிய புல்லி, சின்ன புல்லி, பெல்ட் எல்லாம் மாட்டினேன். அவ்வளவுதான், சக்கரம் அசையாமல் நின்றுவிட்டது. தண்ணீர் வாளியில் நிரம்பி வெளியே வழிந்தது.

மச்சான் அன்று பார்க்க வந்திருந்தார். வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டுத் திரும்பியவர். கரையில் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தார்.

"மாப்ளே, இதுவரைக்கும் தண்ணி சும்மா ஓடிக்கிட்டு இருந்துச்சு. இப்ப அதையும் நிப்பாட்டிட்டீங்க," என்றார்.

மழை விட்டு வெயில் வந்திருந்தது. கலிங்கில் விழுகிற தண்ணீர் அன்றைக்கே கொஞ்சம் மெலிந்துவிட்டதை நான் கவனித்தேன்.

மறுநாள் என் மனைவி சாப்பாடு கொண்டு வந்தாள். நான் பெல்ட்டைக் கழற்றிவிட்டிருந்தேன். சக்கரம் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் ஒரு வாளியைக் கையால் பிடித்து நிறுத்தப் பார்த்தாள். முடியவில்லை. கையை உதறிக்கொண்டு சொன்னாள்:

"ஏங்க, இது கிரைண்டர் மாதிரியில்ல சுத்துது. மெதுவா, ஆனா நல்ல பலமா. நீங்க மிக்ஸிய மாட்டிட்டு ஓடு ஓடுன்னா எப்புடி ஓடும்?"

முதலில் சிரித்தேன். பிறகு சோற்றுக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீங்களும் யோசித்துப் பாருங்கள். மாவு ஆட்டுகிற கல் மெதுவாகத்தான் சுற்றும். பிடித்து நிறுத்த முடியாது. சட்னி அரைக்கிற பிளேடு பறக்கும். கெட்டியாக ஏதாவது போட்டால் மூச்சுத் திணறி நின்றுவிடும். என் தண்ணீரோ கிரைண்டர். நான் வாங்கி வந்தது மிக்ஸி. அதோடு இன்னொன்றும் உறைத்தது. இத்தனை நாளும் தண்ணீரை இழுக்கிற மோட்டாரையே பார்த்துப் பழகியவன் நான். இங்கே மோட்டாரை இழுக்கப்போவது தண்ணீர். அதற்கு எவ்வளவு பலமோ அதற்குத் தக்க பொருளைத்தான் அதன் தலையில் வைக்க வேண்டும்.

மறுபடியும் அதே கடைக்குப் போனேன். இந்தத் தடவை கனத்தைத் தூக்கிப் பார்க்கவில்லை. பைக் இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு வயரை முறுக்கிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். ஒவ்வொரு மோட்டாராக எடுத்து, பல்பைச் சேர்த்து, கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்தேன். ஃபேன் மோட்டாரில் ஒன்றும் வரவில்லை. உள்ளே நிரந்தரக் காந்தம் இல்லாததைச் சுற்றிப் பயனில்லை. சைக்கிள் டைனமோ வேகமாகத் தேய்த்தால்தான் மினுக்கென்றது. கடைக்காரர் சுற்றியிருந்தவர்களிடம், அண்ணன் நல்ல நேரம் பார்த்துப் பொருத்தம் பார்த்துத்தான் பொண்ணெடுப்பார் போலிருக்கு என்று கேலி செய்தார். நான் விடவில்லை.

மூலையில் ஒரு பழைய எலெக்ட்ரிக் ஸ்கூட்டரின் பின்சக்கரம் கிடந்தது. அந்த வண்டிகளுக்குச் சக்கரத்துக்கு உள்ளேயே மோட்டார். வெளியே மூன்று தடித்த வயர்கள் வால் மாதிரி தொங்கின. சுற்றினால் கைக்குள் ஏதோ பிடித்துப் பிடித்து விடுவது போல இருந்தது. அதுதான் காந்தம். இரண்டு வயரில் பல்பைச் சேர்த்து, தொட்டில் ஆட்டுகிற மாதிரி ஒரு தள்ளு தள்ளினேன். பல்புக்குள் கம்பி சிவந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளினேன். மஞ்சளாக எரிந்தது. கடைக்காரர் கேலியை நிறுத்திவிட்டு, இன்னொரு தடவை சுத்துங்கண்ணே என்றார்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம்தான். மச்சானே வந்து இறங்கினார். மூன்று வயரில் வருவதை, கரண்டைச் சேர்த்து வைக்க வாங்கிய ஒரு பேட்டரிக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுக்கிற சின்ன ரெக்டிஃபையர் ஒன்றை மாட்டினார். பெல்ட் வேண்டாம் என்று சைக்கிள் செயினையே போட்டோம். தண்ணீர்ச் சக்கரத்தில் பெரிய பல்சக்கரம், மோட்டாரில் சின்னது. வயரை மழை படாமல் குழாய்க்குள் இழுத்து, பாலத்தின் இரண்டு பக்கமும் மூங்கில் நட்டு எல்இடி கட்டினோம். கலிங்கில் தண்ணீர் பாதியாகியிருந்தது. மச்சான் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். பேட்டரி ஏறிக்கொண்டிருந்தது.

"மாப்ளே," என்றார், "ஒங்க மகள இனிமே எங்க வீட்டுக்கு அனுப்பமாட்டீங்கல்ல?" குரலில் கிண்டல் கொஞ்சம்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் அவரே பைக்கில் அவளைக் கூட்டி வந்து ரோட்டில் இறக்கிவிட்டார். ஓடையின் மேல் இருள் இறங்குகிற நேரம். நான் இக்கரையில் நின்று சுவிட்சைப் போட்டேன். பாலம் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை வெள்ளையாகத் தெரிந்தது. ஓரத்தில் ஒட்டியிருந்த பாசிகூடத் தெரிந்தது. அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மச்சான் வீட்டிலிருந்த துணிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீரில் கால் வைத்தாள். நான் எதிரே போகவில்லை. அவளாகவே நடந்து வரட்டும் என்று நின்றேன். நடுவில் நின்று சக்கரத்தைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் கடகடவென்று வந்துவிட்டாள்.

"என்னாத்தா, பயமா இருந்துச்சா?" என்றேன்.

"எதுக்குப்பா பயம்? பையப் பிடிங்க, பசிக்குது."

அந்தப் பை பிறகு ஆலங்குடிக்குப் போகவில்லை. மழை இன்னொரு சுற்றுப் பெய்து கண்மாய் மறுபடியும் நிரம்பியது. கடைசியில் தண்ணீர் நின்று சக்கரம் ஓய்ந்த அன்று, அவளே பாலத்தில் உட்கார்ந்து செயினுக்கு கிரீஸ் தடவி, மோட்டாரைச் சாக்கில் சுற்றிப் பரண் மேல் ஏற்றி வைத்தாள். அடுத்த மழைக்கு லீவு போட்டுவிட்டு வருவாளாம். சக்கரத்தை மாட்டுகிற அன்று தான் இல்லாமல் ஆரம்பிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறாள்.