நான்காம் கேங்கின் சிவப்புக் கோடு

எழுபதுகளின் கடைசியில் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் சின்ன கிளாக்கராக இருந்தேன். பிறந்தது உடப்புசல்லாவைப் பக்கத்துத் தொழிலாளர் லயமொன்றில். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து ஆபீஸ் நாற்காலிக்கு வந்தவன் என்பதாலேயே எந்தப் பக்கமும் சேராதவனாகிப் போனேன். லயத்துப் பக்கம் போனால் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள். பெரிய கிளாக்கர் வீட்டில் எனக்கு வாசலோடு சரி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பாதிரியார் "சுகமா?" என்று கேட்பார். அந்த வாரம் நான் பேசிய பேச்சில் பாதி அதற்குச் சொன்ன பதிலாகத்தான் இருக்கும்.

மீதிப் பாதி நான்காம் கேங்கின் கங்காணியோடு. எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் ஐந்து கேங்குகளாக இருந்தார்கள். கேங்குக்கு ஒரு கங்காணி. மாலையில் கொழுந்து நிறுத்து முடிந்ததும் ஐந்து கங்காணிகளும் நிறைத் துண்டை ஆபீஸ் ஜன்னலில் நீட்டுவார்கள். நான்கு பேர் நீட்டிய கையோடு போய்விடுவார்கள். நான்காம் கேங்குக்காரர் மட்டும் கம்பளியைத் தோளில் சரிசெய்துகொண்டு நிற்பார். மழையைப் பற்றி, அட்டையைப் பற்றி, அன்று யாருக்கும் யாருக்கும் சண்டை என்பதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவார். ஐம்பதைத் தாண்டியவர். பெண்டாட்டியும் கல்யாணமான மகளும் இருந்தார்கள். என்னோடு பேசவேண்டிய அவசியம் அவருக்குக் கொஞ்சமும் இல்லை. அந்தப் பத்து நிமிடத்துக்காகவே நான் மதியத்திலிருந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதும் அவருக்குத் தெரியாது.

இரு நாட்டு ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போகிறவர்கள் போய்க்கொண்டிருந்த காலம் அது. அவருடைய கேங்கில்தான் அதிகம் பேர் போனார்கள். போனவர்களின் பெயரைச் செக்ரோல் என்கிற வேலைப் பதிவேட்டில் சிவப்பு மையால் அடித்துவிட வேண்டியது என் வேலை. முதல் குடும்பம் போனபோதே அவர் ஜன்னலில் வந்து நின்றார்.

"செவப்புக் கோடு செத்தவங்களுக்குப் போடுறதுங்க ஐயா. இவங்க இப்பதான் கப்பலேறி இருக்காங்க. போய்ச் சேந்தோம்னு கடுதாசி வரட்டும். அப்பறம் வெட்டுங்களேன்."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. வேலைக்கு வராத நாளுக்கு நேரே வெறும் கட்டம்தானே இருக்கப்போகிறது, யாருக்கு என்ன நட்டம் என்று விட்டுவிட்டேன். சிலருடைய கடிதம் வந்தது. பலருடையது வரவில்லை. வராதவர்களின் பெயர்கள் அடிபடாமல் மாதாமாதம் புதுப் பக்கத்துக்கு ஏறிக்கொண்டிருந்தன. மற்ற கங்காணிகள் யாரும் இப்படிக் கேட்கவில்லை; அவர்கள் கேங்கில் போனவர்களை அந்தந்த மாதமே அடித்துவிட்டேன்.

அந்த வருடம் தோட்டத்தை நடத்தப் புதிதாக ஒரு துரை வந்தார். சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். பேரேடுகளைக் கொண்டுபோய் மேசையில் வைத்தால் கையால் தள்ளிவிடுவார். "கிளாக்கர், எனக்கு வாசிக்க நேரமில்லே. சுவத்தைப் பாத்தா தோட்டம் தெரியணும்" என்றார். அவர் நாற்காலிக்கு எதிரே ஒரு பெரிய பலகையை அடித்து, அதை நிரப்புவதை என் பொறுப்பில் விட்டார்.

மனிதர்களோடு ஒட்டாதவனுக்குக் கட்டம் போட்ட தாள் எவ்வளவு பெரிய துணை என்பதை அப்போதுதான் கண்டேன். மழைக்கு ஒரு தாள், கொழுந்துக்கு ஒன்று, ஒவ்வொரு மலைக்கும் கவ்வாத்து வெட்டிய மாதத்தைக் காட்ட ஒரு அட்டவணை. முதலில் ஐந்து கேங்குக்கும் ஐந்து நிறத்தில் கோடு இழுத்தேன். அது கோவில் திருவிழா மாதிரி இருந்தது, ஒன்றும் விளங்கவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு நான்கு கோடுகளைப் பென்சிலிலும், எது கவனிக்கப்பட வேண்டுமோ அதை மட்டும் சிவப்பிலும் போட்டேன். மொத்த நிறையைக் காட்டினால் ஆள் குறைந்த கேங்குக்கு அநியாயம் என்று, கேங்கில் உள்ள பெயர்களால் வகுத்து ஆளுக்கு எவ்வளவு என்று காட்டினேன். இப்படி யோசித்ததில் எனக்கு வெட்கமில்லாத பெருமை. பெரிய கிளாக்கரின் முன்னாலேயே துரை என் முதுகில் தட்டினார்.

சிவப்பில் நின்றது நான்காம் கேங். ஆறு மாதமாக அது படியிறங்குவதுபோல் இறங்கியிருந்தது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கங்காணி பேச்சில் நேரத்தைப் போக்குகிறாரோ என்றுகூட நினைத்தேன். என்னோடு பேசிய அந்தப் பத்து நிமிடத்தையும் அவர் கணக்கில்தான் சேர்த்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலைப் பெரட்டில், எல்லோரும் வேலைக்கு நிற்கும் நேரத்தில், துரை சொன்னார். நான்காம் கேங் இனி இல்லை. பெண்களை மற்ற நான்கு கேங்குக்கும் பிரித்தாயிற்று. கங்காணி புல்லு வெட்டுகிறவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். அவருக்கு இந்தியாவுக்குப் போகும் தாளெல்லாம் வந்து வருடமாகியிருந்தது. "இந்தப் பொம்பளைங்கள விட்டுட்டு எப்படிங்க போறது" என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தவர் அவர். மறு வாரமே போவதற்கு எழுதிக் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். நிறைத் துண்டு கொடுக்க வேண்டியதில்லை என்பதால் ஜன்னலுக்கு அவர் வரவே இல்லை.

அந்த மாதக் கோட்டை இழுக்கச் செக்ரோலைத் திறந்தபோதுதான் கண்ணில் பட்டது. பக்கத்தின் கால்வாசி வெறும் கட்டங்கள். கப்பலேறிப் போனவர்களையும் சேர்த்து நான் கொழுந்தை வகுத்திருந்தேன். இந்த மலையில் இல்லாத பெண்களிடம் ஆறு மாதமாகக் கொழுந்து கேட்டிருக்கிறேன். புதுத் தாள் எடுத்து, உண்மையில் பெரட்டுக்கு வந்தவர்களால் மட்டும் வகுத்துப் போட்டேன். நான்காம் கேங் மற்ற நான்குக்கும் மேலே நின்றது. ஒரு மாதம்கூட இறங்கவில்லை.

அதை அன்றே துரையிடம் கொண்டுபோயிருக்க வேண்டும். கங்காணி போக இன்னும் இரண்டு வாரம் இருந்தது. ஆனால் என்னை நுவரெலியா ஆபீஸுக்கு எடுக்கப் பேசியிருப்பதாகத் துரை சொல்லியிருந்தார். இந்தத் தனிமையிலிருந்து தப்ப அது ஒன்றுதான் வழி என்று நம்பியிருந்தேன். நாளைக்குச் சொல்வோம் என்று தாளை மேசை இழுப்பறையில் வைத்தேன். நாளைக்கு என்பது இரண்டு வாரம் ஓடியது.

இத்தனை வருடம் வேலை செய்ததற்கான சேவைத் தாளில் கையெழுத்து வாங்க அவர் வந்தார். ஆபீஸில் வேறு யாருமில்லை. எனக்குத் தாங்கவில்லை. இழுப்பறையைத் திறந்து புதுத் தாளை ஜன்னலில் விரித்தேன்.

"இதுல நம்ம ஆளுங்க எதுங்க ஐயா?"

மேலே இருந்த கோட்டைத் தொட்டுக் காட்டினேன்.

"எல்லாருக்கும் மேலயா?"

"ஆமா, மேலதான்."

வெகுநேரம் பார்த்தார். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார். "அப்பறம் ஏங்க பிரிச்சாங்க?"

"தொரை முடிவுங்க கங்காணி. நாம என்ன செய்யிறது" என்றேன். உண்மையைச் சொன்னால், பெயரை வெட்டாதீர்கள் என்று தான் கேட்டதுதான் வினையாயிற்று என்று அவர் நொந்துபோவாரே என்று அந்த நேரத்தில் ஒரு சமாதானமும் கிடைத்தது. அது பொய்ச் சமாதானம். எனக்குப் பயம், அவ்வளவுதான்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க வருத்தப்படாதீங்க ஐயா. எங்களுக்காக இவ்வளவு பாத்துப் போட்டிருக்கீங்களே, அது போதும்."

போகும் முன் லயம் முழுக்க அந்தத் தாளைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். அவரும் குடும்பமும் ஹட்டனில் ரயிலேறிய மறுநாள் மாலை, பழைய நான்காம் கேங்குப் பெண்கள் கூடையோடு ஜன்னலுக்கு வந்தார்கள். படத்தைக் காட்டச் சொன்னார்கள். ஒருத்தி என் மேசையில் இரண்டு கொய்யாப்பழம் வைத்தாள். "ஒரு நாளைக்கு எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்க ஐயா" என்றாள் இன்னொருத்தி. தோட்டத்துக்கு வந்த மூன்று வருடத்தில் என்னை யாரும் சாப்பிடக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் தாளை அவர்கள் கையிலேயே கொடுத்தேன்.

அவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருத்தி இருந்தாள். கோட்டின் மேல் விரல் வைத்து மற்றவர்களுக்குக் காட்டிக்கொண்டே வந்தவளின் விரல் கீழ் மூலையில் நின்றது. எந்தத் தாளை முடித்தாலும் அந்த மூலையில் தேதி போட்டுக் கையெழுத்து வைப்பது ஆபீஸ் வழக்கம். அவள் தேதியை வாசித்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் வாசித்தாள்.

"கங்காணி போறதுக்கு ரெண்டு வாரத்துக்கு முந்தியே போட்டிருக்கீங்களே ஐயா," என்றாள்.

அவள் தாளை மடிக்காமல், கசங்காமல் மேசையில் வைத்தாள். கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு நடந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக அவள் பின்னால் போனார்கள். அதன்பிறகு அந்த ஜன்னலில் நிறைத் துண்டு கொடுக்க வந்தவர்களைத் தவிர வேறு யாரும் நின்றதில்லை.