எங்கள் வீட்டில் கைநாட்டு கிடையாது

இரண்டு வருடங்களுக்கு முன், கத்திரி வெயில் முடிந்த கையோடு, ராயபுரத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவர் அவர்தான். அவரைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டால் ஆளில்லை.

பென்ஷன் மாதாமாதம் வங்கியில் விழுந்துகொண்டுதான் இருந்தது. எடுக்கத்தான் வழியில்லை. ஏடிஎம் கார்டு அவர் வாங்கவே இல்லை. பாஸ்புக், கையெழுத்து, அவ்வளவுதான் அவருக்கு நம்பிக்கை. பிசியோதெரபி கொடுக்க வந்தவரோ, இந்த ஆறு மாதத்தைக் கோட்டை விட்டால் அண்ணன் எழுந்து நடப்பது கஷ்டம் என்று சொல்லிவிட்டார். இரண்டு மாதம் என் தையல் வருமானத்தில் ஓட்டினேன். மூன்றாம் மாதம் கம்மல் அடகுக்கடைக்குப் போனது.

வங்கி அதிகாரி, என் மகள் வயதுப் பெண், பொறுமையாக வழி சொன்னாள். விண்ணப்பத்தில் அண்ணனின் இடது கட்டைவிரல் ரேகையை வைத்துக் கொடுத்தால், அவளே வீட்டுக்கு வந்து அவரைப் பார்த்துவிட்டு ஒப்புதல் தருவாளாம். இவ்வளவுதானா என்று ஓடி வந்தேன்.

அண்ணன் காகிதத்தைப் பார்த்ததும் இடது கையை இறுக்கி மூடிக்கொண்டார். "கைநாட்டா? நானா? முடியாது." பேச்சு குழறினாலும் அந்த 'முடியாது' மட்டும் தெளிவாக வந்தது.

காரணம் எனக்குத் தெரியும். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். கூலி நாளில் ரேகை வைத்துவிட்டு விரலைச் சுவரில் துடைப்பார். கூட இருந்தவர்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். 'கைநாட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணன் வேலைக்குப் போன முதல் மாதமே, "இந்த வூட்ல இனிமே கைநாட்டு கெடயாது" என்று அறிவித்துவிட்டார். என் ரேங்க் கார்டில் அவர் போட்ட கையெழுத்து கட்டத்தைத் தாண்டி அடுத்த மாதம் வரை ஓடும்.

எல்லாம் தெரிந்தும் எனக்குக் கோபம்தான் வந்தது. ரோஷத்தைக் கொடுத்தால் மருந்துக்கடையில் மாத்திரை தருவானா? இரண்டு நாள் கெஞ்சினேன். மூன்றாம் நாள் மத்தியானம் அவர் தூங்கும்போது அந்தக் காரியத்தைச் செய்யத் துணிந்தேன். தூக்கத்தில் கை தளர்ந்திருந்தது. இங்க் பேடைத் திறந்து கட்டைவிரலில் மையைத் தடவி, காகிதத்தில் அழுத்தப் போனேன். நிமிர்ந்தால், அண்ணன் கண் திறந்திருக்கிறது.

"நா இன்னும் சாவல பாப்பா" என்றார்.

சொத்துக்காகச் செத்தவர் விரலில் மை தடவி ரேகை எடுத்த கதைகளைக் கேட்டுக் காறித் துப்பியவள் நான். கூசிப் போனேன். ஈரத்துணியால் விரலைத் துடைக்கத் துடைக்க அழுகையாக வந்தது. மை போகவே இல்லை. துடைத்துக்கொண்டே இருந்தபோதுதான் உறைத்தது: இந்தக் கை நன்றாகத்தானே இருக்கிறது! விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, கடைக்குப் போய் ஒரு நாலு கோடு நோட்டு வாங்கி வந்தேன்.

"இன்னா, என்ன எல்கேஜில சேத்துட்டியா?"

"ஆமாண்ணே. ஒயுங்கா எய்தலனா அடி வுயும்."

காலையில் பிசியோதெரபி, மாலையில் நோட்டு. தெருவில் கன்டெய்னர் லாரி போனால் கட்டில் அதிரும், கோடு எகிறும். இரண்டு பேரும் சேர்ந்து லாரிக்காரனைத் திட்டிவிட்டு மறுபடி ஆரம்பிப்போம். வெறுத்துப் போய் அவர் நோட்டைத் தூக்கி எறிந்த நாளும் உண்டு. எடுத்து வந்து அவர் மடியில் வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். கம்மலைத் தொடர்ந்து வளையலும் அடகுக்குப் போனது. போகட்டும், கழுத்தில் ஒரு சங்கிலி பாக்கி இருக்கிறது என்று இருந்தேன்.

ஒரு மாதம் கழித்து அந்த அதிகாரியைக் கூட்டி வந்தேன். ரேகை வேண்டாம், இடது கைக் கையெழுத்தைப் புதிதாகப் பதிவு செய்யுங்கள் என்றேன். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வருமா என்று அவளுக்குச் சந்தேகம். மூன்று தடவை போடச் சொன்னாள். பெயரின் முதல் எழுத்து, அதன் பின்னால் ஒரு நீளக் கோடு. கோழி கிளறியதுபோல்தான் இருந்தது. ஆனால் மூன்றையும் கிளறியது ஒரே கோழி!

"இன்னொரு தபா போடவா மேடம்?" என்றார் அண்ணன். அவள் சிரித்துவிட்டாள்.

அந்த வாரமே பணம் கைக்கு வந்தது. இப்போது கைத்தடி ஊன்றி வாசல்வரை நடக்கிறார். மாதாமாதம் பணம் எடுக்கும் சீட்டை நீட்டினால் மட்டும் லேசில் கையெழுத்துப் போட மாட்டார். "இது இன்னாத்துக்கு? அது ஏன் இவ்ளோ?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பார், ரேங்க் கார்டில் கணக்கு மார்க்கைக் கேட்ட அதே குரலில். எனக்கு எரிச்சல் வரும். வந்தாலும் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் பேனாவைக் கொடுக்கிறேன். அவரைக் காப்பாற்றும் அவசரத்தில் அவர் உயிரோடு இருப்பதையே ஒரு மத்தியானம் மறந்து போனவள் நான்.