பன்னிரண்டு சுற்று

நான் தையல்காரி. இடுப்புச் சுற்றளவை ஆறேகாலால் வகுத்து, அந்த ஆரத்துக்கு வட்டம் வெட்டி குடைபோல விரியும் அம்பர்லா பாவாடை தைப்பவள். வட்டக் கணக்கில் என்னை ஏமாற்ற முடியாது. அது தெரிந்தும் என் வீட்டுக்காரர் என்னிடமே பொய் சொன்னார்.

அவர் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் நாளெல்லாம் உட்கார்ந்து புடவை விரித்துக் காட்டுகிறவர். சர்க்கரை முந்நூறைத் தாண்டியதும் டாக்டர் தினமும் மூன்று கிலோமீட்டர் நடக்கச் சொன்னார். இதே சர்க்கரையில்தான் அவருடைய அண்ணனுக்குக் காலை எடுத்தார்கள். பூங்காவில் பன்னிரண்டு சுற்று சுற்றினால் மூன்று கிலோமீட்டர் ஆகிவிடும் என்று அவரே சொல்லிவிட்டுப் போனார்.

இருபதே நிமிஷத்தில் திரும்பி வந்தார்!

"பன்னெண்டு ரவுண்டும் முடிச்சாச்சு, போதுமா?"

நேராகக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். தினமும் இதே கதை. நடக்காமல் பஜ்ஜி தின்றுவிட்டு வாய் கொப்பளிக்கத்தான், வேறெதற்கு? சட்டையை முகர்ந்து பார்த்தேன். பஜ்ஜி வாசனை இல்லை. வாசனை வராமல் தின்னக் கற்றுக்கொண்டிருக்கிறார் மனுஷன். பூங்கா வாசலில் பஜ்ஜி போடுகிறவரைக் கேட்டேன்.

"உங்க வூட்டுக்காரரா? இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கறதில்லமா" என்றார். இவரும் கூட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் நானே போய்ப் பாதையை அளந்தேன். இரண்டு பக்கமும் நேர்ப்பாதை, இரண்டு முனையும் அரைவட்டம். என் நடைக்கு இரண்டு எட்டு ஒரு மீட்டர். நேர்ப்பாதை ஒவ்வொன்றும் அறுபது மீட்டர். குறுக்கே நாற்பது. இரண்டு அரைவட்டத்தையும் ஒட்டினால் ஒரு முழு வட்டம்தானே? நாற்பதை மூன்றே சொச்சத்தால் பெருக்கினேன், நூற்று இருபத்தைந்து. நேர்ப்பாதைகளையும் சேர்த்தால் ஒரு சுற்று இருநூற்று நாற்பத்தைந்து மீட்டர். பன்னிரண்டு சுற்றுக்கு ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் வந்துவிடுகிறது. ஆனால் நேரம்? விறுவிறுவென்று நடந்த எனக்கே ஒரு சுற்றுக்கு மூன்றரை நிமிஷம் ஆனது. இவருக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லையாம். ஓடினால்தான் முடியும். இவராவது ஓடுவதாவது!

அன்று சாயங்காலமே பின்னால் போனேன். கையும் களவுமாகப் பிடித்து, பூங்காவுக்கு வரும் கூட்டத்துக்கு நடுவிலேயே நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று ஆத்திரம்.

அவர் நேர்ப்பாதையைத் தாண்டி, முதல் அரைவட்டம் திரும்பும் இடத்தில் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தார். பிறகு மெல்ல ஷூவைக் கழற்றினார். சாக்ஸ் காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிய்த்து எடுத்தபோது முகம் கோணியது. சுண்டுவிரல் கறுத்து, பக்கத்தில் புண் வாய் பிளந்திருந்தது. ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன்.

"ஐயோ, இன்னாங்க இது! எத்தினி நாளா இருக்குது?"

திடுக்கிட்டு நிமிர்ந்தார். "ஷூ கடிச்சதும்மா. பத்துப் பதினஞ்சு நாளாவுது."

"இத்த வச்சிக்கினா நடந்துக்கினு இருக்கீங்க? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கின்னா?"

"மொத நாளே சொன்னேனே, கால் வலிக்குதுன்னு. நடக்க சோம்பேறித்தனம், டபாய்க்காதீங்கன்னு நீதான ஷூவ எடுத்து மாட்டிவுட்ட."

ஆமாம், கயிற்றை இழுத்துக் கட்டியதும் நான்தான்.