சாக்கில் எழுதிய பத்து

கடலட்டையைக் கையில் எடுத்துப் பார்க்காதவர்களுக்கு அதன் அருவருப்பு விளங்காது. எடுத்தவுடன் அது தன் குடலை நம் கைமேலேயே கக்கிவிடும். மண்டைதீவில் வள்ளங்களுக்குச் சொந்தக்காரரான அரியநாயகம் சம்மாட்டியாரின் வாடியில், கடற்கரைக் கொட்டிலில், அதை அவித்து, மண்ணில் புதைத்து, அழுகத் தொடங்கும்போது தோண்டி, மேல்தோலைச் சுரண்டிக் காயவைப்போம். எங்கள் ஊரில் அதை ஒருவரும் தின்பதில்லை. எல்லாம் சாக்கில் கட்டிச் சிங்கப்பூருக்குப் போகும்.

என் தங்கை மாக்கிறேற்றுக்கு அங்கே குடல் பிதுக்கும் தொட்டி. எனக்கு அவிக்கிற கிடாரம். எழுபதாம் ஆண்டு மாரி முடிந்தபோது அவளுடைய விரல்களில் தோல் வெடித்து நீர் வடிந்தது. சோற்றைக் கரண்டியால் தின்றாள். அவள் நீட்டிய தேத்தண்ணியை அம்மாவே முகம் சுளித்துத்தான் வாங்கினார்.

அப்போது சாக்குகளை வாங்குகிற சீனர் கொழும்பிலிருந்து வந்தார். சாக்குகளின் மேல் எண்களைச் சீன எழுத்தில் எழுத ஓர் ஆள் வேண்டும் என்றார். அதுவரை சம்மாட்டியாரின் மருமகன் ஒரு தாளைப் பார்த்துப் படம் கீறுவதுபோல் கீறி அனுப்பியிருந்தார். சிங்கப்பூர்க் கடைக்காரர்கள் கோட்டின் வாலைப் பார்த்தே இது எழுதத் தெரியாத கை என்று கண்டுகொண்டார்களாம். வழியில் யாரோ சாக்கை மாற்றிவிட்டார்கள் என்று எல்லாவற்றையும் கிழித்துக் கொட்டிப் பார்த்தார்களாம்.

"நான் எழுதிறன், சம்மாட்டியார்," என்றாள் மாக்கிறேற்.

"உந்தக் கையாலையோ? சாக்கு நாறுமடி."

"சாக்கு இப்பவும் நாறுதுதானே."

சீனர் சிரித்தார். ஒவ்வோர் எழுத்தையும் அவள் முன்னால் எழுதிக் காட்டினார். அடுத்த முறை வரும்போது பார்ப்பேன், சரிவராவிட்டால் கொழும்பிலிருந்து ஆள் அனுப்புவேன் என்று சொல்லிப் போனார். சரிவந்தால் மாக்கிறேற் தொட்டியை விட்டு எழும்பலாம்.

ஒன்றும் இரண்டும் மூன்றும் வெறும் படுத்த கோடுகள். மற்றவையும் படிந்துவிட்டன. பத்தில்தான் இடறினாள். பத்து அப்படியே சிலுவை. படுத்த கோடு முதல், நின்ற கோடு பிறகு என்பது அவர்கள் ஒழுங்கு. கோயிலில் சிலுவை போடும்போது எங்கள் கை நெற்றியிலிருந்து நெஞ்சுக்கு இறங்கி, பிறகுதான் தோளுக்குத் தோள் போகும். புது வள்ளத்தின் முன்முனையில், அணியத்தில், கீறும்போதும் அப்படித்தான். ஈர மணலில் ஈர்க்கால் எத்தனை தரம் எழுதினாலும் அவள் கை மேலிருந்தே இறங்கியது.

அம்மாவுக்கு வேறு கோபம். "எடியே, உந்த ஊத்தைச் சாக்கிலை சிலுவை கீறப்போறியோ? அதுவும் மாறிக் கீறப்போறியோ?"

அழுகலின் மேல் ஆண்டவரின் அடையாளம். விட்டுவிடு என்று நானும் சொன்னேன்.

மாக்கிறேற் குசினிக்குப் போனாள். சட்டியில் கிடந்த மீன் ஒன்றைப் பலகையில் குறுக்கே கிடத்தி, நடுவில் கத்தியை இறக்கினாள்.

"இஞ்சை பாரணை அம்மா, இது சிலுவை இல்லை, மீன் வெட்டிறது. முதல் மீன், பிறகு கத்தி. கத்தியை வைச்சிட்டு ஆரும் மீனைக் கிடத்திறவையோ?"

"அது முழுசாப் பொரிக்க வைச்ச மீனடி," என்றார் அம்மா. இரண்டு துண்டையும் எடுத்துக் குழம்பில் போட்டார்.

அதன்பிறகு அவள் கை தவறவில்லை. சீனர் மறுபடி வந்தபோது சாக்கைப் பார்க்கவில்லை, பக்கத்தில் நின்று அவளுடைய மணிக்கட்டையே பார்த்தார். வெடித்த விரல்களால் தூரிகையைப் பிடித்து, ஒன்றிலிருந்து வரிசையாக எழுதி வந்தாள். பத்து வந்தது. மீனைக் கிடத்தினாள், கத்தியை இறக்கினாள்.

"இந்தக் கை போதும்," என்றார் சீனர்.

சம்மாட்டியார் தொட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அப்ப அக்காக்காரி உதிலை குந்தட்டும்."

குந்தினேன். அந்தக் குடலின் வழுவழுப்பு இன்றும் என் உள்ளங்கையில் இருக்கிறது. அதை நினைத்துக்கொண்டு சோறு தின்ன ஏலாது. ஆனால் இந்தத் தீவுகளில் வேறு எவருடைய தங்கை சீனத்தில் எழுதினாள்? நாரந்தனையில் கலியாணம் முடித்துப் போகும்வரை வாடியில் கட்டிய சாக்கெல்லாம் அவள் கைதான். அவளுடைய விரல்களில் புதுத்தோல் வந்துவிட்டது.

கோயிலில் மட்டும் அவள் கை இன்னும் நெற்றியில்தான் தொடங்குகிறது. நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.