இந்த வாரம் யாரோட பேசினீங்க?

நாகரெத்தினம் போய்விட்டார் என்று மணிமேகலை தொலைபேசியில் சொன்னபோது, எப்படி, எத்தனை மணிக்கு என்றெல்லாம் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. "பக்கத்துல யாரு இருந்தா?" என்றுதான் கேட்டேன்.

மணிமேகலை அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர், கவிதை எழுதுகிறவர், எங்கள் திருவாரூர் எழுத்தாளர் கூட்டத்துக்கு ஆரம்பத்திலிருந்து வருகிறவர். என் கேள்வி அவருக்கு உடனே புரிந்தது. "எல்லாரும் இருந்தோம் சார். புதுசா ஒருத்தர் கதை படிச்சாரு. அதைப் பத்தி இவரு சண்டை போட்டுக்கிட்டே இருந்தாரு. தண்ணி கேட்டாரு, நான்தான் குடுத்தேன்" என்றார். மூட்டுவலி என்று அந்த ஞாயிறு நான் போகவில்லை. ரிசீவரை வைத்தபோது அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது நிம்மதி. செத்தால் நாலு பேர் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிற இடத்தில் சாக வேண்டும் என்று வாய்க்கு வாய் சொல்லிக்கொண்டிருந்த மனிதர் அவர். கேட்டது கிடைத்துவிட்டது.

அவரை அறிந்த உங்களுக்கு அறிமுகம் தேவையில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாகப்பட்டினத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையே ஓடிய பஸ்ஸில் அவர் கண்டக்டர். மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தும் படகில் கால் வைத்தால் வாந்தி எடுப்பார். கடலைப் பற்றி இரண்டு கதைத் தொகுப்புகள் எழுதினார், எல்லாம் தரையில் உட்கார்ந்துதான். அதுவும் தனியறையில் ஒரு வரி எழுதினவர் இல்லை. பஸ் நிலையத்துப் பெஞ்சிலோ டீக்கடையிலோ, காது கிழிகிற இரைச்சலுக்கு நடுவில்தான் அவருக்குப் பேனா ஓடும். உங்கள் கதையில் டீ கிளாஸ் கழுவுகிற சத்தம் கேட்கிறது என்று நாங்கள் கேலி செய்வோம். கேட்டால் நல்லதுதானே என்பார்.

அவர் என் கதவைத் தட்டிய காலத்தில் எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் நெருப்பாக இருந்தது. ஆட்சி மாறிவிட்டது, நிலச் சட்டம் வரும் என்று மேடைதோறும் பேச்சு. வயலில் மட்டும் ஒன்றும் மாறவில்லை. அறுவடைக் கூலியை உயர்த்தக் கேட்டால் மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். அடிதடி, கேஸ், பள்ளிக்கூடத்தில் போலீஸ் முகாம். என் அப்பா பண்ணையாளாக இருந்தவர். எங்கள் தெருவில் முதலில் படித்து வாத்தியாரானவன் நான். அந்த ஆண்டில் ஒரு கதை எழுதினேன். பிள்ளைகளின் பசி தாங்காமல் வேலைநிறுத்தத்தை மீறி அறுப்புக்குப் போகிற ஒருவனைப் பற்றிய கதை. பத்திரிகையில் வந்ததும் மிராசுதார் வீட்டார் மிரட்டினார்கள். அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. என் தெருக்காரர்கள், நம்மைக் காட்டிக்கொடுத்துவிட்டான் என்றார்கள். கொஞ்ச நாள் ஊர்ப்பக்கம் வராதே என்று அப்பாவே சொல்லி அனுப்பினார்.

மன்னார்குடியில் பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் ஒரு அறை எடுத்துத் தங்கினேன். எழுதுகிறவனுக்குத் தனிமைதான் சொத்து என்று அப்போது நான் நம்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பேச்சை எவன் கிளப்பிவிட்டானோ தெரியவில்லை. பள்ளிக்கூடம், அறை, வேறில்லை. சில மாதங்களில் ஆசிரியர்கள் யார் சிரித்தாலும் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றியது. ஜன்னல் கண்ணாடியில் செய்தித்தாளை ஒட்டினேன். தூக்கம் போயிற்று. எழுதுவேன், கிழிப்பேன். பிறகு எழுத்தும் நின்றது. விடுப்பு போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். இருந்து என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பு என்னோடு அறையில் குடியிருந்தது. அதைத் தவிர வேறு துணை எனக்கு இல்லை.

ஒரு மதியம் கதவு தட்டப்பட்டது. யார் என்றேன். "கண்டக்டர்" என்று பதில் வந்தது. நான் எந்தப் பஸ்ஸிலும் வரவில்லையே என்றேன்.

"அதைக் கேக்கத்தான் வந்தேன். ஊரே பஸ்ல போவுது, நீங்க ஏன் ஏறல?"

கதவைத் திறந்தேன். காக்கிச் சட்டை, தோளில் தோல் பை, ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கு. என் கதையைப் படித்தாராம், எழுதினவன் பின்தெருவில் இருப்பதாக டீக்கடையில் கேள்விப்பட்டாராம். வண்டி இங்கே ஒரு மணி நேரம் நிற்கும் என்று சொல்லிவிட்டு, உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்து, மீன்குழம்புச் சோற்றை இரண்டு பங்காகப் பிரித்தார். கதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறுநாளும் வந்தார். அவருக்கு டியூட்டி இருக்கிற நாளெல்லாம் வந்தார். அவர் கரை வேட்டிக் கட்சிக்காரர், நான் செங்கொடி ஊர்க்காரன். அவர் ஆட்சியை நான் திட்ட, என் தோழர்களை அவர் திட்ட, ஒரு மணி நேரம் போய்விடும். அப்படித் திட்டுவதற்காகவே நான் மதியத்தை எதிர்பார்க்கத் தொடங்கினேன்.

பிறகு ஒருநாள் சட்டையை மாட்டச் சொல்லி என்னைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். கூத்தாநல்லூருக்கு முன்னால் டயர் பஞ்சர். எல்லோரும் இறங்கி நின்றோம். பக்கத்து வயலில் சம்பா நடவு. ஒரு பெண் மட்டும் ஏன் அத்தனை முன்னால் தனியாக நிற்கிறாள் என்று கேட்டார். அவர் கடற்கரைக்காரர், அவருக்கு எப்படித் தெரியும்?

"அவங்க முன்னாடி போவல, பின்தங்கிட்டாங்க" என்றேன். "பின்னாடி நடந்துக்கிட்டேதான் நடணும். கை ஓடாதவங்க அப்புடியே நின்னுடுவாங்க, மத்தவங்க பின்னாடி போயிடுவாங்க. ரெண்டு பக்கமும் நாத்து, நடுவுல அவங்க."

"அப்புறம் எப்படி வெளிய வருவாங்க?"

"பக்கத்துல உள்ளவங்க கையை நீட்டி அவங்க பங்கையும் கொஞ்சம் நட்டு விடுவாங்க. எட்டிப் புடிச்சிடுவாங்க."

"கூப்புடணுமா?"

"கூப்புட மாட்டாங்க. பக்கத்துல இருக்கிறவங்கதான் பாக்கணும்."

சரி என்று சொல்லிவிட்டு ஜாக்கி போடுகிற டிரைவருக்கு உதவப் போய்விட்டார். காய்ச்சலில் கிடந்து எழுந்த வருஷம் என் அம்மாவும் அப்படி நின்றவள்தான். என் வாயால் நானே சொன்னதைக் கேட்டுக்கொண்டு அந்த வரப்போரத்தில் அழுதேன். வெட்கமாக இல்லை. தெரிந்து கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா என்று பலமுறை கேட்டுப் பார்த்திருக்கிறேன். டயர் பஞ்சரானது என் கையிலா இருந்தது என்பார்.

பேச்சு மட்டும் போதாது, டாக்டரையும் பார்க்க வேண்டும் என்று தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவரும் அவர்தான். அத்தனை பெரிய ஆஸ்பத்திரியில் யாரிடமும் வழி கேட்காமல் நேராக அந்த டாக்டரின் அறைக்கு நடந்தார். கண்டக்டருக்கு எல்லா வழியும் தெரியும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மாத்திரை சாப்பிட்டேன், தூங்கினேன். பின்னொரு நாள் என்னோடு பஸ்ஸில் வந்து என் ஊர் நிறுத்தத்தில் இறங்கி, அப்பாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அன்றிரவு நான் ஊரில் தங்கினேன்.

திருவாரூரில் ஒரு டுடோரியல் மாடியில் அவர் கூட்டிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் உங்களுக்குத் தெரியும். படிக்க எதைக் கொண்டுவந்தாலும் முதலில் அவர் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். "இந்த வாரம் யாரோட பேசினீங்க?" யாரோடும் இல்லை என்று ஒருவர் சொன்னால் அன்று அவர் கதை படிக்க முடியாது, டீ வாங்கிவர அவர்தான் போக வேண்டும். கடைக்காரரோடாவது பேசட்டுமே என்பார். எழுதும்போது நாம் தனியாகத்தான் இருக்கிறோம், எழுதி முடித்த பிறகும் ஏன் இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். அந்த மாடியில் நாங்கள் போட்ட சண்டைக்குக் கணக்கில்லை. ஆனால் அங்கு வந்த யாரும் என்னைப் போலச் சுவரைப் பார்த்துப் படுக்கும் நிலைக்குப் போகவில்லை.

ஒரே ஒரு முள் என் மனதில் இருந்தது. நாள் முழுதும் நின்றுகொண்டே வேலை பார்த்த மனிதரின் ஓய்வு நேரத்தை நான் பறித்துக்கொண்டேன் என்பது. ஒருமுறை அதைச் சொல்லி, என்னால் உங்களுக்கு எவ்வளவு தொந்தரவு என்றேன். இறங்க வேண்டிய இடம் வந்தால் சொல்கிறேன் என்று சிரித்தார். எனக்கு அந்த முள் போகவில்லை.

காரியம் முடிந்த அன்று அதை அவர் மனைவி தனக்கொடி அண்ணியிடம் சொன்னேன்.

"உங்களுக்காக வந்தாருன்னா நெனைச்சீங்க? அவங்க அண்ணன் கடலுக்குப் போயித் திரும்பாத வருசம், அதே தஞ்சாவூரு ஆஸ்பத்திரியில மாசக்கணக்கா இருந்தவரு இவரு. தனியா இருக்காதன்னுதான் டாக்டர் சொல்லி அனுப்புனாங்க. கண்டக்டர் வேலைக்குப் போனதே அதுக்குத்தான். மன்னார்குடியில வண்டி நிக்கிற அந்த ஒரு மணி நேரம்தான் அவருக்குப் பயம். டிரைவர் தூங்கிடுவாரு, பஸ் காலியாக் கெடக்கும். உங்க ரூமுக்கு வர ஆரம்பிச்சப்புறந்தான் மனுசன் தெளிவா வீட்டுக்கு வந்தாரு. நானே ஒருநாள் உங்களுக்கு நன்றி சொல்லணும்னு இருந்தேன்."

பஸ்ஸில் திரும்பும்போது உடம்பே லேசாக இருந்தது. அந்த அறையில் பிழைத்தவன் நான் ஒருவன்தான் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். இரண்டு பேர் பிழைத்திருக்கிறோம்.

அவரிடமிருந்து அவருடைய கேள்வியை எல்லோரும் எடுத்துக்கொள்வீர்கள், எடுத்துக்கொள்ளுங்கள். நான் அந்த மதிய ஒரு மணி நேரத்தை வைத்துக்கொள்கிறேன். அந்த நேரத்தில் என் கதவு தாழ் போட்டிருக்காது, சாப்பாடு இரண்டு பேருக்கு இருக்கும். யாரும் வராவிட்டால், மூட்டுவலியோடு நானே சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு யார் கதவையாவது தட்டுவேன். உங்களுக்காக வந்திருக்கிறேன் என்று நினைத்து யாரும் கூச்சப்பட வேண்டாம்.