காய், செங்காய், பழம்

தக்காளிச் செடியைத் தொட்ட கையில் ஒரு பச்சை வாடை ஏறும். சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டில் எல்லோர் கையிலும் அந்த வாடைதான், எல்லோர் வாயிலும் தக்காளியைத் தரம் பிரிக்கும் சொற்கள்தான். நாலாம் வகுப்பில் நான் சில நாள் கலகலவென்று இருந்து, சில நாள் சோறும் பேச்சும் இல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டபோது, அம்மா அதையும் அந்தச் சொற்களிலேயே குறித்தாள்.

குறிக்கச் சொன்னது தருமபுரி டாக்டரம்மா. மாத்திரை தொடங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் முன், பிள்ளையின் மனநிலையைச் சில மாதம் தினமும் எழுதி வரச் சொன்னார். இந்த வயதில் மாத்திரையா என்று அம்மா வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தாள். அன்றிலிருந்து தினசரி காலண்டர் தாளில், ராகுகாலத்துக்குக் கீழே, நான் முடங்கிய நாளுக்குக் "காய்", சுமாரான நாளுக்குச் "செங்காய்", சிரித்த நாளுக்குப் "பழம்" என்று எழுதி, கிழித்துச் சேர்த்து வைத்தாள். அப்பா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "பாப்பா இன்னிக்கு என்னா ரகம்?" என்பார். எனக்கும் இது பிடித்துப்போயிற்று. ஊரில் வேறு எந்தப் பிள்ளைக்கு இப்படித் தினமும் தரம் போட்டார்கள்?

சேர்ந்த தாள்களில் காய்தான் அதிகம். அம்மா அழாத குறையாக நீட்டினாள். டாக்டரம்மா புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை எப்ப எழுதுவீங்க?" என்றார்.

"இவரு மண்டியில தக்காளி போட்டுட்டு வூட்டுக்கு வந்தப்பறந்தாங்க. மூணு பேரும் ஒக்காந்து பேசி எழுதுவோங்க."

டாக்டரம்மா தாள்களை அப்பா பக்கம் தள்ளி, "தக்காளி விலை விழுந்த நாள் எதெதுன்னு ஞாபகம் இருக்குங்களா?" என்றார். விவசாயிக்கு அது மறக்குமா? தேதியைப் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தார். வைத்ததெல்லாம் பெரும்பாலும் காய். பாதியிலேயே அவர் கை நின்றுவிட்டது. அப்பா முகத்தைப் பார்த்துத்தான் நான் என் தரத்தைச் சொல்லிவந்திருக்கிறேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

மாத்திரையைத் தள்ளிவைத்த டாக்டரம்மா, இனி அப்பா வருமுன்னே எழுதிவிடுங்கள் என்றார். மறுநாளிலிருந்து அப்பா தெருமுனைக் குழாயில் முகம் கழுவி, சிரிப்பை அங்கேயே மாட்டிக்கொண்டு, சினிமாப் பாட்டொன்றை ராகமே இல்லாமல் பாடியபடி வர ஆரம்பித்தார். படுத்திருக்கும் நாய்கூட எழுந்து பார்க்கும். காய் குறைந்தது. முழுதாகப் போய்விடவில்லை, எனக்கென்றே சில காய் நாட்கள் இருந்தன. அன்று யாரும் என்னைத் தோண்டித் துருவாமல், கஞ்சியை மட்டும் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். அந்த அன்பை இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது.

அந்தக் குழாய் இன்று இல்லை, வீட்டுக்கு வீடு இணைப்பு வந்துவிட்டது. மண்டி விலையும் வீட்டிலிருக்கும்போதே போனில் வந்துவிடுகிறது. முகத்தைச் சரிசெய்துகொள்ள அப்பாவுக்கு இப்போது வழியே இல்லை. ஓசூரில் வேலை முடிந்து நான் கூப்பிடும்போது, சில நாள் போனை எடுத்ததுமே காரணமில்லாமல் சத்தமாகச் சிரிப்பார். விலை விழுந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வேன். அதைக் கேட்பதில்லை. ஆபீஸ் கதை, பஸ் கதை என்று ஏதேதோ பேசிக்கொண்டே இருப்பேன். கொஞ்ச நேரம் கழித்து, அந்தச் சிரிப்பெல்லாம் அடங்கிய பிறகு, "இன்னிக்கு மனசு சரியில்ல கண்ணு" என்பார்.